சூசைமேரியின் நாலாவது போர்டு

டீ வந்துவிட்டது. சூசைமேரி அதைத் தொடவில்லை. பழைய மோட்டார் ஒன்றின் கனெக்‌ஷன் பெட்டியிலிருந்து கழற்றிய சதுரத் தகர மூடியை எடுத்து, கிளாஸின் மேல் வைத்துவிட்டு, மறுபடி செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஆறிப்போகுதேம்மா" என்றேன்.

"ஆறட்டும் சார். அவுக எறங்கட்டும்."

முக்கால் மணி நேரம் கழித்து, பெஞ்சின் மேல் கிடந்த போன் ஒரே ஒரு தடவை அடித்து அடங்கியது. அதை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. மூடியை விலக்கி, ஆடை படிந்து பச்சைத் தண்ணீராகக் கிடந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கணவர் சந்தனராஜ் தென்னை ஏறுகிறவர். ஒரு தோப்பை முடித்துக் கீழே இறங்கியதும் வீட்டுக்காரிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். எறங்கிட்டேன் என்று அதற்குப் பொருள். அது வரும்வரை சூசைமேரியின் தொண்டையில் எதுவும் இறங்காது. மூன்று வருடமாகச் சூடான டீ குடித்ததே இல்லை என்று பக்கத்துப் பூக்கடை செவந்தி எனக்குச் சொன்னார்.

என் கிணற்று மோட்டார் புகைந்துபோனதால்தான் நான் கீரமங்கலத்துக்குப் போனேன். பூ மார்க்கெட்டுக்குத் திரும்புகிற முக்கில் 'அந்தோணியார் ரீவைண்டிங்' என்று கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றார்கள். கடையில் ஒரு பொம்பளை மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று கேட்டுவைத்தேன். "இருக்காங்க, மோட்டார எறக்குங்க" என்று சொல்லி, அவரே எழுந்து வந்து இன்னொரு பக்கம் கைகொடுத்துத் தூக்கினார். அவர்தான் மெக்கானிக் என்று எனக்கு விளங்க இரண்டு நிமிடம் ஆனது. என் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பத்திரண்டு வயது. பிறந்தது ஆவூரில். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் காயில் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி, "பேரிங் போகப் போகுது, இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார். ஒரு மாதம்தான் தாங்குகிறதாம். சேலையின் மேல் எப்போதும் ஆண்கள் சட்டை ஒன்று, அதன் பையில் சிலுவை போட்ட ஜெபமாலையும் ஒரு டெஸ்டரும் ஒன்றாகக் கிடக்கும். கடை வேலை முடிந்தால் கைகளை மண்ணெண்ணெய்யில் கழுவுகிறார், அதற்கப்புறம் செவந்தி கடையில் உதிர்ந்து கிடக்கும் முல்லையை ஒரு பிடி அள்ளிக் கசக்கித் தேய்க்கிறார். அந்தக் கையில் எந்த வாசனை ஜெயிக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மோட்டாரைப் போட்டுவிட்டு அரை மணியில் கிளம்ப இருந்தவன் நான். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த ஒரு சாமான் என்னை உட்கார வைத்துவிட்டது. நாலு கை, நாலு கையிலும் சின்ன விசிறி, நடுவில் பின்னிக் கிடக்கும் ஒயர், முன்னால் ஒரு குட்டிக் கேமரா.

"இது என்னம்மா?"

"ட்ரோன் சார். நான் பண்ணுனது."

ரசம் வச்சேன் என்கிற குரலில் சொன்னார். நான் வாயைப் பிளந்தது பிளந்ததுதான். கல்யாண வீட்டில் தலைக்கு மேல் பறந்து போட்டோ எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்தடிக்கிற பெரிய ட்ரோன் ஒன்று ஆலங்குடிப் பக்கம் வயலில் இறங்கியபோது ஊரோடு ஓடிப்போய் நானும் நின்றிருக்கிறேன். வாங்குகிற சாமான் என்றுதான் நினைத்திருந்தேனே தவிர, கீரமங்கலத்தில் ஒருவர் உட்கார்ந்து செய்கிற சாமான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"இதெல்லாம் எங்க படிச்சீங்க?"

"ஆவூர்ல சார். எட்டாவது வரைக்கும்."

மிச்சத்தைப் போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். பேசுகிறவர் இந்தியில் பேசினாலும் இங்கிலீஷில் பேசினாலும் கவலையில்லை. சத்தத்தை அணைத்துவிட்டு, அவர்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பாராம். "எந்த ஒயர் எங்கிட்டுப் போகுதுன்னு தெரிஞ்சா போதும்ல. மோட்டாரும் அப்புடித்தானே" என்றார்.

எதற்காக இதைச் செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கஜா புயலில் இந்தப் பக்கத்துத் தென்னைகள் படுத்தது எல்லாருக்கும் தெரியும். படுக்காமல் நின்றவற்றில் சில, முறுக்கிப் பிழிந்ததுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. காய்க்கவும் செய்கின்றன. ஆனால் கொண்டைக்குக் கீழே, காய்ந்த மட்டைகள் மறைத்துத் தொங்கும் இடத்தில், சிலவற்றுக்குள் வெடிப்பு இருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. ஏறி, மட்டையைப் பிடித்த பிறகுதான் தெரியும். சந்தனராஜும் திருப்பதி என்பவரும் ஒன்றாக மரம் ஏறிப் பழகியவர்கள். மூன்று வருடத்துக்கு முன் செல்லமுத்து என்பவரின் தோப்பில் அப்படி ஒரு மரத்தின் தலையைப் பிடித்தார் திருப்பதி. தலை அவரோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துபோனது. அன்றைக்கு அந்த மரத்தில் ஏற வேண்டியவர் சந்தனராஜ். வெற்றிலை போட உட்கார்ந்ததால் திருப்பதி முந்திக்கொண்டார்.

"ஏறாதீங்கன்னு சொல்லிப் பாத்தேன் சார். வேற என்ன தெரியும் எனக்குன்னு கேட்டாக. அதுவும் நியாயந்தானே. என்னய மோட்டார் கட்டாதன்னு சொன்னா நான் என்ன செய்வேன்?" என்றார் சூசைமேரி.

அதற்கப்புறம் அவர் மரம் ஏறுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பார்த்துவிட்டு ஏறச் சொன்னார். பார்க்க ஒரு கண் வேண்டும், அந்தக் கண் மரத்தின் தலைக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சந்தனராஜ் முதலில் கெக்கலித்துச் சிரித்தார். "மெசினு பாத்துச் சொல்லி நான் மரம் ஏறணுமாக்கும்?" என்றார். பிறகு, பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார். "அது மரத்துக்கிட்ட ஆடாம நின்னு, எத்தன குலைன்னு நான் எண்ணுற வரைக்கும் காட்டட்டும். அன்னைக்கு ஒன் பேச்சக் கேக்குறேன்."

ஆடாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் சூசைமேரியை இரண்டு வருடம் பிடித்து ஆட்டியது.

ட்ரோனில் விசிறியும் மோட்டாரும் பெரிய விஷயமில்லையாம். நடுவில் இருக்கும் போர்டுதான் எல்லாம். சாய்ந்தால் நிமிர்த்துவது, எந்த விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை முடிவு செய்வது, எல்லாமே அந்த விரல் நீளச் சில்லுதான். கடையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் மூன்று போர்டுகளைப் போட்டு வைத்திருந்தார். எனக்காக வெளியே எடுத்து, பனியன் துணி மேல் வரிசையாக வைத்தார்.

முதல் போர்டு புதுக்கோட்டையில் படிப்பை முடித்துவிட்டுப் போன யாரோ ஒருவர் விற்றது. "இது சாஞ்சா நிமுத்தும். அம்புட்டுத்தான். காத்து தள்ளுனா தள்ளுன பக்கம் போயிட்டே இருக்கும். எங்கிட்டு இருக்கோம்னே அதுக்குத் தெரியாது." இரண்டாவது, பந்தயம் விடுகிறவர்கள் வாங்கும் போர்டு. "இது ரொம்ப வெவரம். வெடுக்கு வெடுக்குன்னு திரும்பும். ஆனா எடம் பாக்குற ஜிபிஎஸ்ஸும் தெசை பாக்குற காம்பஸும் சேத்து மாட்ட இதுல வாசல் இல்ல." மூன்றாவதில் எல்லாம் இருந்தது. இடம் பார்க்க, திசை பார்க்க ஒயர் மாட்டும் வாசல்கள். காற்றின் அழுத்தத்தை வைத்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் கடுகளவு பாரோமீட்டர் ஒன்று.

"எல்லாரும் எம்புட்டுத் தூரம் போகும், எம்புட்டு வேகம்னுதான் சார் கேக்குறாங்க. விக்கிறவங்களும் அதத்தான் சொல்றாங்க. பறக்குறது பெரிய விசயமா? காத்தடிச்சா பாலித்தீன் பைகூடத்தான் பறக்குது. எனக்கு நிக்கணும்."

போர்டை அவர் சோதிக்கும் விதம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் மறுநாளும் போனேன். ஒரு குதிரைத்திறன் மோட்டாரை ஓடவிடுகிறார். அதன் முதுகில் பாட்டிலிலிருந்து எடுத்த போர்டு ஒன்றை ஒட்டுகிறார். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர். போர்டிலிருந்து ஒரு ஒயர் பழைய லேப்டாப்புக்குப் போகிறது, திரையில் ஒரு கோடு ஓடுகிறது. டம்ளர்த் தண்ணீர் நடுங்கும்போது கோடும் நடுங்குகிறது. போர்டுக்கு அடியில் சைக்கிள் டியூபை நறுக்கி வைக்கிறார், மறுபடி பார்க்கிறார். இன்னொரு டியூப். இன்னொன்று. "புது டியூப்பு வெறப்பா இருக்கும். ரெண்டு மூணு பஞ்சர் பாத்த டியூப்புத்தான் சரி" என்றார். அப்படி ஒரு பழைய டியூபின் நாலு துண்டுகளை வைத்ததும், தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது, கோடு மட்டும் இழுத்துக் கட்டிய நூல்போல் நேராக ஓடியது. அடேயப்பா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "தண்ணி ஆடுனா ஆடட்டும். கோடு ஆடக் கூடாது" என்றார் அவர். விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்களோ எனக்குத் தெரியாது, இதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

எடை போட செவந்தியின் தராசு. மல்லிகையும் முல்லையும் கிராம் கணக்கில் நிறுக்கிற தராசு அது. எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்துவிட வேண்டும், தாண்டினால் லைசென்ஸ் அது இதென்று அலையவேண்டுமாம். ஒரு ஸ்குரூவைக் கழற்றி நிறுப்பார், ஒயரை அரை அங்குலம் வெட்டி நிறுப்பார். "ஏக்கா, ஒன் பிளேன நிறுத்த தராசுல என் முல்லைய நிறுக்குறேன். முல்லை பறந்துறாதா?" என்று செவந்தி கேட்பார். சூசைமேரி அதற்கெல்லாம் சிரிப்பதே இல்லை, முள்ளைப் பார்க்கும் ஆள்போல் தராசில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இத்தனை கவனமாக இருந்தவர்தான் மூன்றாவது போர்டில் கோட்டைவிட்டார். எப்படி என்று கேளுங்கள்.

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் கடைசியாக வார்னிஷ் அடிப்பார்கள். ஈரமும் தூசியும் புகாமல் கம்பியைக் காக்க அதுதான் கவசம். அடித்து, உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்பார்கள். வார்னிஷ் அடிக்காத வேலை சூசைமேரிக்கு வேலையே இல்லை. இருபது வருடக் கை. அந்தக் கை மூன்றாவது போர்டை எடுத்து, அழகாக, மூலை முடுக்கு விடாமல் வார்னிஷ் அடித்து, பல்பு போட்டுக் காயவைத்துவிட்டது. பாரோமீட்டரின் தலையில் குண்டூசி முனையளவுக்கு ஒரு துளை உண்டு. காற்று அதன் வழியாக உள்ளே போனால்தான் உயரம் தெரியும். துளை அடைபட்டுப்போனது அவருக்குத் தெரியாது.

"பள்ளிக்கூட கிரவுண்டுல ஏத்துனேன் சார். தென்ன மர உசரத்துல நில்லுன்னு விட்டேன். நிக்கல. ஏறுது. கொஞ்சம் எறங்குங்கிறேன், அது பாட்டுக்கு ஏறுது. அதுக்குத் தான் இன்னும் தரையில இருக்கிறதா நெனப்பு. காக்கா அளவு ஆச்சு, ஈ அளவு ஆச்சு, அப்பறம் இல்ல." கையில் ரிமோட்டோடு அரை மணி நேரம் வானத்தைப் பார்த்து நின்றாராம். "புள்ளையத் தொலச்ச மாதிரி இருந்துச்சு. அழுதேன் சார், ஒங்ககிட்ட சொல்றதுக்கென்ன."

மூன்றாம் நாள் காலை அது பூக்கூடையில் வந்து இறங்கியது. வடகாட்டுப் பக்கம் முல்லைத் தோட்டத்தில் பூப்பறித்த பெண்கள் செடிகளுக்கு நடுவில் கண்டெடுத்து, பூவோடு பூவாகப் போட்டு செவந்திக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கை ஒடிந்திருந்தது, அவற்றைப் பிறகு மாற்றிக்கொண்டார். சூசைமேரி பூதக்கண்ணாடியை வைத்துப் போர்டைப் பார்த்தார். துளை இருக்க வேண்டிய இடத்தில் தேன் நிறத்தில் பளபளவென்று வார்னிஷ் உட்கார்ந்திருந்தது. தலையில் நங்கு நங்கென்று அடித்துக்கொண்டாராம். "காப்பாத்துறேன்னு மூச்ச அடச்சுப்புட்டேன்" என்று என்னிடம் சொல்லும்போதும் கண் கலங்கியது.

நான் போயிருந்த மூன்றாம் நாள், நாலாவது போர்டைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஆடி பிறந்து காற்று வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தது. செல்லமுத்து தோப்பில் வெட்டுக்கு ஐந்தே நாள். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, போன வெட்டுக்கு ட்ரோன் இல்லாததால் சந்தனராஜ் பாட்டுக்கு ஏறிவிட்டார். சாய்ந்த மரங்கள் பதினொன்று அந்தத் தோப்பில் இன்னும் நிற்கின்றன. வெட்டிவிடச் சொன்னால் செல்லமுத்து, "புயலு மிச்சம் வச்சதே இம்புட்டுத்தான்" என்று கையை விரிக்கிறார். அவரையும் குறைசொல்ல முடியாது.

திருச்சியில் போர்டு விற்கிறவர் போனில் வந்தார். சூசைமேரி ஸ்பீக்கரில் போட்டார். "அக்கா, பெரிய போர்டா எடுத்துக்கங்க. அதுல எல்லாமே ரெண்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு மக்கர் பண்ணுனாலும் இன்னொண்ணு பாத்துக்கும்" என்றார் அவர். எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. புருஷன் உயிர் விஷயம், இரண்டு இரண்டாக இருந்தால் நல்லதுதானே?

சூசைமேரி கேட்டார்: "அதுல பாரோமீட்டர் ஓட்ட எங்கிட்டு இருக்கு? மேலயா, அடியிலயா?"

"அத... யாரும் கேட்டதில்லக்கா."

"பாத்துட்டுச் சொல்லுங்க. எடையும் நிறுத்துச் சொல்லுங்க. பெட்டியோட நிறுக்காதீங்க."

பெரிய போர்டு போட்டால் மொத்தம் இருநூற்று எண்பதைத் தாண்டும் என்று தெரிந்தது. கூடுகிற எடைக்கு மோட்டார் பெரிதாக வேண்டும், பேட்டரி பெரிதாக வேண்டும், ஒன்பது நிமிடம் நிற்பது ஆறு நிமிடமாகக் குறையும். இதையெல்லாம் ஒரு பீடிக்கட்டுத் தாளின் பின்புறம் எழுதிப் பார்த்தார். அப்புறம் எழுதியதைக் கீழே வைத்துவிட்டு, என் மோட்டாரின் காயிலை எடுத்து ஸ்லாட்டில் இறக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம் அதே வேலைதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பேசாம பெருசையே வாங்கிருங்கம்மா. லைசென்ஸுக்கு நான் அலையிறேன்" என்று மூக்கை நுழைத்தேன்.

நிமிராமலே சொன்னார்: "ரெண்டு பாரோமீட்டர் இருந்திருந்தா ரெண்டுலயும் வார்னிஷ் அடிச்சிருப்பேன் சார்."

காயிலை ஸ்லாட்டுக்குள் அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மூணாவது போர்டு மேல தப்பில்ல. எம்மேலதான் தப்பு. அதையே இன்னொண்ணு அனுப்பச் சொல்றேன்."

சும்மா சொல்லக்கூடாது, தோற்றுப்போனதும் சாமானை மாற்றுகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நானே அப்படி மூன்று மிக்ஸி மாற்றியவன். தன் கையைக் குற்றம் சொல்லிவிட்டு, அதே சாமானை மறுபடி வாங்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

இரண்டு நாளில் போர்டு வந்தது. டியூப் துண்டு, டம்ளர்த் தண்ணீர், கோடு, எல்லாம் முடிந்தது. கடைசியில் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். "மறுபடியுமா?" என்றேன். ஆடிக் காற்றில் தூசியும் தூறலும் வருமே, அடிக்காமல் எப்படி என்றார். நெற்றியிலிருந்து தன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பொட்டு. பாரோமீட்டர் துளையின் மேல் அதை ஒட்டி, நகத்தால் ஓரங்களை அழுத்திவிட்டு, சுற்றிலும் வார்னிஷ் அடித்தார். பல்பு போட்டுக் காய்ந்த பிறகு, ஊசி முனையால் பொட்டை உரித்தெடுத்தார். துளை சுத்தமாக இருந்தது. அதன் மேல் காற்று நேராக மோதாமல் இருக்க, தலையணைக்குள்ளிருந்து எடுத்த ஸ்பான்ஜ் ஒரு சிட்டிகை. உரித்த பொட்டைத் தூக்கிப்போடவில்லை, கடைக் கண்ணாடியின் மூலையில் மற்ற பொட்டுகளோடு ஒட்டிவைத்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்ன சார் நீங்க" என்று கூச்சப்பட்டு வெளியே போய்விட்டார்.

வெட்டு நாள். சூசைமேரி திருப்பதியின் சாவுக்குப் பிறகு எந்தத் தோப்புக்குள்ளும் கால் வைத்ததில்லை. அன்றைக்கு வந்தார். நானும் ஒட்டிக்கொண்டேன். செல்லமுத்து வீட்டிலிருந்து எல்லாருக்கும் டீ வந்தது. சூசைமேரி தன் டூல் பெட்டியைத் திறந்து, அந்தச் சதுரத் தகர மூடியை எடுத்துத் தன் கிளாஸின் மேல் வைத்தார். அதையும் கொண்டுவந்திருக்கிறார் பாருங்கள்!

சந்தனராஜ் ஒடிசலான, உயரமான மனிதர். இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டும் தளைநாரைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் அரிவாளோடு நின்றார். முதல் ஆறு மரங்கள் சாய்ந்தவை அல்ல. ஏறினார், வெட்டினார், இறங்கினார். சூசைமேரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். காய் விழும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் தோள் குலுங்கியது. டீ மூடிக் கிடந்தது.

ஏழாவது, சாய்ந்த மரம். சந்தனராஜ் அண்ணாந்து பார்த்தார். "இந்த மரத்த எனக்கு இருவது வருசமாத் தெரியும். இதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் காலில் தளைநாரை மாட்டினார்.

"ஏங்க. சொன்ன சொல்லு" என்றார் சூசைமேரி.

"சரி, வுடு ஒன் மெசின. காத்து பாத்தியில்ல? நிக்காது."

சத்தியமாக எனக்கும் நிற்காது என்றுதான் தோன்றியது. மட்டைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. என் துண்டு தோளை விட்டுப் பறந்து போனது. அந்தக் காற்றுக்குள் ட்ரோன் குளவி மாதிரி இரைந்துகொண்டு ஏறியது. மரத்தின் கொண்டை உயரத்துக்குப் போனதும் சூசைமேரி இரண்டு கட்டைவிரல்களையும் ரிமோட்டிலிருந்து எடுத்துவிட்டார். எடுத்தே விட்டார்! காற்று ஒரு அடி அடித்தது. ட்ரோன் ஒருக்களித்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது அங்கேயே இருந்தது. காற்றுப் பக்கம் சாய்ந்துகொண்டு, விசிறிகள் மாறி மாறி உறும, மட்டைகள் அத்தனையும் ஆட, தான் மட்டும் ஆடாமல் நின்றது. பூத் தராசில் நிறுத்து, பஞ்சர் டியூபில் உட்காரவைத்து, பொட்டு ஒட்டிக் காப்பாற்றிய அந்தச் சில்லு, ஆடிக் காற்றில் நின்றுகொண்டிருந்தது.

சந்தனராஜ் ட்ரோனின் படம் ஓடிய போன் திரையைக் கையால் மறைத்து நிழலாக்கிப் பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு குலை" என்று எண்ணினார். குரலில் கிண்டல் குறைந்திருந்தது. "எம்புட்டு நேரம் நிக்கும்?"

"ஒம்போது நிமிசம். கொஞ்சம் கீழ எறக்குறேன், மட்டைக்கு அடியில பாருங்க."

சூசைமேரி விரலை வைத்து ஒரு முழம் இறக்கினார். காய்ந்த மட்டை காற்றில் விலகியது, மூடியது, மறுபடி விலகியது. கொண்டைக்குக் கீழே மரத்தைச் சுற்றி முக்கால் வட்டத்துக்கு ஒரு கறுப்புப் பிளவு. காற்று அடிக்கும்போது அது வாய்போல் திறந்து மூடியது.

செல்லமுத்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆத்தாடி" என்று பின்வாங்கினார். சந்தனராஜ் வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு குனிந்து, காலிலிருந்து தளைநாரைக் கழற்றினார். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை வழித்து, அந்த மரத்தின் அடியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். ஒரு கோடு கோணலாகப் போனது.

"திருப்பதிக்கு இது இல்லாமப் போச்சே மேரி" என்றார்.

சூசைமேரி ட்ரோனை இறக்கி, பேட்டரியை மாற்றி, அடுத்த சாய்ந்த மரத்துக்கு ஏற்றினார். மட்டைக்கு மேலே, மட்டைக்கு அடியில், நாலு பக்கமும் காட்டினார். வெடிப்பு இல்லை. சந்தனராஜ் பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். "ஏறட்டுமா?" என்று கேட்டார். அவர் பொண்டாட்டியிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று செல்லமுத்து என் காதில் சொன்னார்.

"ஏறுங்க."

அவர் ஏறினார். மரம் காற்றில் லேசாக அசைந்தது. பாதி மரம் தாண்டினார், முக்கால் தாண்டினார், மேலே மட்டைக்குள் கையை நீட்டினார். சூசைமேரி ட்ரோனைத் தரையில் வைத்துவிட்டு, திரும்பி மரத்துக்கு எதிரில் உட்கார்ந்தார். கிளாஸின் மேலிருந்த தகர மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். புருஷன் இன்னும் மேலேதான் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே டீயை ஒரு வாய் குடித்தார்.